அயல்மொழியாக ஆங்கிலம் கற்பிப்போர்க்குரிய தகுதி: ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

ஒரு மொழியை அறிதல் வேறு. அதனைப் பிறர்க்கு அறிவித்தல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதும் மயக்கம் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நன்னூலார் தம் பொதுப்பாயிரத்துள் ஆசிரியர்க்குரிய இலக்கணங்களை எண்ணுங்கால், நூல்களைப் பயின்று பெற்ற தெளிவையும் அதனை எடுத்துரைக்கும் வன்மையையும் தனித்தனியே எண்ணினார். அம்மட்டில் நில்லாது, பாடஞ்சொல்லும் முறைக்கும் வேறாக இலக்கணம் வகுத்தார். புலமை உடையாரெல்லாம் ஆசிரியர் ஆகார் என்னும் உண்மை அவர்க்கு நன்கு விளங்கியிருந்தது.

இவ்வுண்மையை ஆங்கில உலகம் உணர்ந்துகொண்ட வரலாறு சுவை மிக்கது. நமக்குப் பயன் தருவதும் ஆகும். உலகில் மிகப் பலரால் அயல்மொழியாகப் பயிலப்படும் மொழி ஆங்கிலம். அதனை அவ்வாறு கற்பிக்க வருவோர் எத்தகுதி பெற்றிருத்தல் வேண்டும் என்னும் வினாவிற்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் மூன்று விடைகள் கூறப்பட்டன. அம்மொழியில் பிறந்திருத்தலே தகுதி என்பது முதல் விடை. அம்மொழியை ஐயந்திரிபறக் கற்றிருத்தலே தகுதி என்பது இரண்டாவது. கற்பிக்கும் தொழிலிற் பயின்று, பிறர் காணக் கற்பித்துக் காட்டுதலே தகுதி என்பது மூன்றாவது. இம்மூன்றும் தோன்றிய சூழலையும், ஒன்றன்பின் ஒன்றாக மேலோங்கிய வகையையும், மூன்றாவது விடையே பொருந்தும் என்பதையும், அவ்விடையும் தொடக்கத்தில் ஒரு சாரார்க்கே உரியதாக வழங்கப்பட்ட குறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

பிறப்பே தகுதி

1878-ஆம் ஆண்டில் மாக்சிமிலியன் பெர்லிட்சு என்பவர் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்சு நகரில் மொழிப்பள்ளி ஒன்றை நிறுவினார். மொழிபெயர்ப்பை அறவே விலக்கி, கற்பிக்கப்படும் மொழியிலேயே முதல் நாள் தொட்டுப் பேசுதல் அப்பள்ளியின் முறை. பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லுவர். செயலைச் செய்து வினையை உணர்த்துவர். இம்முறைக்கு மாணாக்கரின் தாய்மொழியை அறிந்த ஆசிரியர் வேண்டுவதில்லை. கற்பிக்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரே வேண்டும். ஆதலின், பிறந்த மொழியே ஆசிரியரின் முதல் தகுதியாயிற்று.

பெர்லிட்சுப் பள்ளிகள் விரைவில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிற் பரவின. ஆங்கிலம் பேசும் நாட்டில் பிறந்து, கையிற் பொருளின்றி ஐரோப்பாவிற்கு வந்த இளைஞர்க்கு அவை பிழைக்கும் வழியாயின. பிற்காலத்தில் பெரும் புகழ் எய்திய நாவலாசிரியர் ஜேம்சு ஜாய்சு அவர்களுள் ஒருவர். அவர் 1904-இல் போலா நகரிலும், 1905-இல் திரியெஸ்தே நகரிலும் பெர்லிட்சுப் பள்ளி ஆசிரியராக அமர்ந்தார். போலாவில் அவரிடம் பயின்றோருட் பலர் ஆஸ்திரிய-அங்கேரியக் கடற்படை அலுவலர்.

இம்முறையின் நன்மையை மறுத்தற்கில்லை. மொழி பேசுதற்குரியது என்பதை அது நிலைநாட்டியது. ஆயினும், பிறந்த மொழியைப் பேசுவோர் அம்மொழியின் அமைதியை விளக்கவல்லர் என்பது அதனாற் பெறப்படுவதில்லை. 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' என்பது வழக்கு. 'ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பது வழக்கன்று. ஆங்கிலேயர் எவரும் இதில் தவறார். ஏன் என்று மாணாக்கன் வினவினால், பயிற்சியில்லாத ஆங்கிலேயர் 'அவ்வாறு நாங்கள் சொல்லுவதில்லை' என்பதன்மேல் விடை கூற அறியார். நாம், நாங்கள் என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை ஓர் அயல்நாட்டார் வினவும்போது தமிழர் பலர் திகைப்பதும் இதனை ஒத்ததே. மூச்சுவிடுதலை அறிந்தார் எல்லாரும் மூச்சின் இயல்பை உரைக்கவல்லர் அல்லர்.

அறிவே தகுதி

இரண்டாவது விடை பல்கலைக்கழகத்தினின்றும் பிறந்தது. 1913-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துத் தேர்வுக்குழு, ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றை முதன்முறையாக நடத்தியது. தம் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் அயல்நாட்டார், தம் மொழியறிவிற்குச் சான்று பெறுதற்கென்றே அது வகுக்கப்பட்டது. இக்குறிக்கோளை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலம் கற்பிப்போர்க்கெனக் கேம்பிரிட்ஜ் வகுத்த அத்தேர்வு ஆங்கிலேயர்க்காக அன்று, ஆங்கிலத்தைக் கற்றறிந்த பிறமொழியாளர்க்காகவே தோன்றியது.

அத்தேர்வு பன்னிரண்டு மணி நேரம் நடந்தது. ஆங்கிலத்தினின்று பிரெஞ்சு அல்லது செருமானிய மொழிக்குப் பெயர்த்தல் இரண்டு மணி, அம்மொழிகளினின்று ஆங்கிலத்திற்குப் பெயர்த்தலும் ஆங்கில இலக்கணமும் இரண்டரை மணி, கட்டுரை இரண்டு மணி, ஆங்கில இலக்கியம் மூன்று மணி, ஒலியியல் ஒன்றரை மணி, சொல்வதெழுதுதல் அரைமணி, வாசித்தலும் உரையாடலும் அரைமணி. கட்டுரைத் தலைப்புக்களுள் மாத்தியூ ஆர்னால்டு, எலிசபெத்துக் காலத்துக் கடற்பயணம், உள்ளாட்சியின் வளர்ச்சி என்பன இருந்தன. இந்தியாவில் 1857-இல் நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியும் ஒரு தலைப்பாக அமைந்தது. பாரிசிலோ பெர்லினிலோ சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கப் புகும் ஒருவர் இவற்றுள் ஒன்றைப் பற்றி ஆங்கிலப் பட்டதாரி போல எழுதவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது.

அவ்வாண்டில் தேர்வு எழுதியோர் மூவர். மூவரும் தேறவில்லை.

இத்தேர்வின் அமைப்பை நோக்குவார்க்கு இரு செய்திகள் புலனாகும். ஒன்று, அது அறிவின் பரப்பையும் ஆழத்தையும் கடுமையாக அளந்தது என்பது. மற்றொன்று, கற்பிக்கும் திறனை அளத்தற்கு அதில் ஏறக்குறைய இடமே இல்லை என்பது. ஒலியியல் தாளில் மட்டும், சில ஆங்கிலச் சொற்களில் வரும் உயிரொலிகளை மாணாக்கனுக்கு எவ்வாறு கற்பிப்பீர் என்னும் பொருள்பட ஒரு வினா அமைந்தது. அதற்கும் விடை தாளில் எழுதப்பட்டதேயன்றி, மாணாக்கன் ஒருவன் முன்னே நிறுத்தப்பட்டிலன். ஆசிரியர்க்கென அமைந்த தேர்வில் மாணாக்கனே இல்லாதிருந்தமை இவ்விரண்டாவது விடையின் அடிப்படைக் குறையாகும்.

1920-களின் இறுதியிலும் இத்தேர்வு எழுதுவோர் தொகை பதினைந்தளவிலேயே நின்றது. தேர்வைக் கைவிடலாமா என்னும் நிலையும் தோன்றியது. 1932-இல் அது திருத்தியமைக்கப்பட்டது. ஒலியியல் தாள் நீக்கப்பட்டது. ஆசிரியராக விரும்புவோர்க்கேயன்றி, ஆங்கிலம் பயிலும் அயல்நாட்டார் எல்லார்க்கும் உரியதாகத் தேர்வு விரிந்தது. எழுதுவோர் தொகையும் பெருகலாயிற்று. தேர்வு பிழைத்தது, ஆயின் அது தோன்றிய நோக்கம் மறைந்தது. கற்பித்தலோடு அதற்கிருந்த ஒரே தொடர்பும் ஒலியியல் தாளுடன் அகன்றது. பிறமொழியாளராகிய ஆங்கில ஆசிரியர்க்கென ஏற்பட்ட வாயில் பொதுவாயில் ஆயிற்று.

கற்பித்தல் ஒரு துறையாதல்

இவ்விரு விடைகளின் குறையும் நீங்குதற்குக் கற்பித்தல் என்பதே தனியொரு துறையாக வளர்தல் வேண்டியிருந்தது. அவ்வளர்ச்சியில் முதலிடம் பெறுபவர் ஹெரால்டு பாமர். 1877-இல் இலண்டனிற் பிறந்த இவர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர் அல்லர். 1902-இல் பெல்ஜியம் நாட்டு வெர்வியே நகர மொழிப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகத் தொடங்கினார். பின்னர்த் தாமே பள்ளி நடத்தினார். 1914-இல் செருமானியப் படையெடுப்பினால் இங்கிலாந்து திரும்பினார். ஒலியியல் அறிஞர் தானியேல் ஜோன்சு இவரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அழைத்தார். 1917-இல் மொழிகளை அறிவியல் நெறியிற் பயிலுதலும் பயிற்றுதலும் பற்றிய நூலையும், 1921-இல் மொழிப்பயிற்சியின் கொள்கைகள் பற்றிய நூலையும் பாமர் வெளியிட்டார்.

1922-இல் அவர் சப்பானியக் கல்வித்துறையின் மொழி ஆலோசகராகத் தோக்கியோ சென்றார். அடுத்த ஆண்டில் ஆங்கிலம் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்றை அங்கு அமைத்து, 1936 வரை பணியாற்றினார். அங்கு அவர் செய்த பணியின் தன்மை கருதத்தக்கது. சப்பானிய ஆசிரியரை அகற்றி ஆங்கிலேயரை அமர்த்துதல் அவர் நோக்கமன்று. சப்பானிய ஆசிரியரே திறம்படக் கற்பித்தற்கு வேண்டிய வாய்மொழிப் பயிற்சிகளையும், மாற்றி அமைத்துப் பயிலும் தொடர் அட்டவணைகளையும், படிமுறைப்படுத்திய சொற்றொகுதிகளையும் அவர் ஆக்கித் தந்தார். பட்டம் பெறாத அவர்க்குத் தோக்கியோ பல்கலைக்கழகம் 1935-இல் டாக்டர் பட்டம் அளித்தது. கற்பித்தல் என்னும் அறிவு ஏட்டிலிருந்து வகுப்பிற்கு வந்ததன்று. வகுப்பிலிருந்து ஏட்டிற்கு ஏறியது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அக்காலத்தில் வங்காளத்தில் பணியாற்றியவர் மைக்கேல் வெஸ்டு. டாக்கா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த இவர், வங்காளத்தின் இருமொழிநிலை பற்றி 1926-இல் வெளியிட்ட நூலில் ஒரு கூரிய வினாவை எழுப்பினார். பள்ளியிற் சேரும் சிறுவர் பலர் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். பாதியில் நின்றவனுக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் யாது பயன்? காப்பீட்டைப் பாதியில் விட்டவனுக்கும் ஒரு பகுதிப் பணம் திரும்பக் கிடைத்தல்போல, கல்வியைப் பாதியில் விட்டவனுக்கும் அதன் பகுதி கிடைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆதலின் வாசிக்கும் திறனை முதற்கண் வளர்க்க எண்ணி, கட்டுப்படுத்திய சொற்களால் வாசக நூல்கள் இயற்றினார். கற்பிக்கப்படும் மொழியை மட்டும் நோக்காது, கற்கும் சிறுவனின் வாழ்க்கையையும் நோக்குதல் ஆசிரியர்க்குரிய தகுதி என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வறிவு பெருகவே, அதனைப் பயிற்றும் நிலையங்களும் தோன்றின. இலண்டன் கல்வியியல் நிறுவனத்தில், சீன நாட்டிற் கற்பித்துப் பயின்ற அமெரிக்கராகிய லாரன்சு பாசெட்டு, அயல்மொழியாக ஆங்கிலம் கற்பிப்போர்க்குரிய பயிற்சியை 1932-இல் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் தேர்வு ஆசிரியரை விட்டு விலகிய அதே ஆண்டு அஃதென்பது நினைக்கத்தக்கது. 1946-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆதரவில் ஏ. எஸ். ஹார்ன்பி, ஆங்கிலம் கற்பித்தலுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1957-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேட்போர்டு என்பவர் தலைமையில் பயன்முறை மொழியியற் பள்ளி அமைந்தது.

சென்னை மாநிலத்து முயற்சி

இவ்வளர்ச்சி நம் நாட்டையும் தொட்டது. நாடு விடுதலை பெற்றபின் ஆங்கிலம் பயிற்றுமொழி நிலையினின்றும் இறங்கி, பாடங்களுள் ஒன்றாகும் நிலையை எய்திவந்தது. பள்ளிகளோ பெருகின. ஆங்கிலத்தைப் பிற பாடங்களின் வாயிலாகவும் கேட்டு வளர்ந்த மாணாக்கர் குறைந்தனர். வகுப்பில் ஆசிரியர் கூறுவதொன்றே அவர்க்கு ஆங்கிலமாயிற்று. ஆதலின் ஆசிரியர் தகுதி முன்னையினும் இன்றியமையாததாயிற்று. அலகாபாத்தில் ஆங்கிலம் கற்பித்தற்கான நிறுவனமும், 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனமும், 1963-இல் பெங்களூரில் தென்னிந்திய வட்டார நிறுவனமும் ஏற்பட்டன. ஐதராபாத்து நிறுவனத்தின் முதல் இயக்குநர் கன்னடக் கவிஞர் வி. கே. கோகாக் ஆவார். அந்நிறுவனமே 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இவற்றினும் நமக்கு அணுக்கமானது, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் நடைபெற்ற ஆசிரியர் மறுபயிற்சி இயக்கம். பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் நடந்த அவ்வியக்கத்தைப் பற்றி டி. ஏ. ஸ்மித்து என்பவர் 1962-இல் முற்கூறிய இதழில் எழுதினார். தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியரை மறுபடி பயிற்றுதல் அதன் குறிக்கோள். அதற்குப் 'பனிப்பந்து' என்று பெயர் வழங்கியது. பனி பெய்யும் நாட்டில் சிறு பந்தொன்றை உருட்டினால் அது போகும் வழியெல்லாம் பனியைத் திரட்டிப் பெரிதாகும். அவ்வாறே சிலர் முதலிற் பயிற்சி பெறுவர்; அவர்கள் தத்தம் பகுதிக்குச் சென்று பலரைப் பயிற்றுவர்; அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுவர். பனியையே காணாத நாட்டில் இப்பெயர் வழங்கியது வியப்பே.

அப்பயிற்சியின் பொருள், அமைப்புமுறை எனப்படுவது. ஆங்கிலத் தொடர் அமைப்புக்களை எளிமை நோக்கி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் முதலில் வாயாற் பயிற்றிப் பின்னர் எழுத்திற்குச் செல்லுதல் அதன் நெறி. தாமே அதிக ஆங்கிலம் கேட்டறியாத சிற்றூர் ஆசிரியர்க்கு, இன்ன பாடத்தில் இன்ன தொடரை இன்ன செயலோடு கற்பிக்க என்னும் வரையறை பெருந்துணையாயிருந்திருக்கும். ஆயினும் பனிப்பந்து முறைக்கு இயல்பாகவே ஒரு தடை உண்டு. உருளுந்தோறும் பந்து பருக்கும். கைமாறுந்தோறும் பயிற்சி மெலியும். முதலாமவர் காரணத்தோடு கற்றதை, மூன்றாமவர் சடங்காகவே பெறுதல் கூடும். 27,000 என்னும் தொகை அம்முயற்சியின் பெருமையையும் இடர்ப்பாட்டையும் ஒருங்கே உணர்த்துவதாகும். இங்கிலாந்தில் எத்துணைச் சிறந்த பயிற்சி வகுக்கப்படினும், உலகில் ஆங்கிலம் கற்பிப்போருட் பெரும்பாலார் இத்தகைய சிற்றூர் ஆசிரியரே என்பதையும் அது நினைவூட்டுகின்றது.

செய்து காட்டலே தகுதி

மூன்றாவது விடைக்கு உருவளித்தவர் ஜான் ஹேகிராப்டு. இவர் 1926-இல் பூனா நகரை அடுத்த கட்கியிற் பிறந்த ஆங்கிலேயர். 1953-இல் தம் மனைவியார் பிரீட்டாவுடன் சுபெயின் நாட்டுக் கோர்தோபா நகரில் ஒரு மொழிப்பள்ளி தொடங்கினார்; 1959-இல் இலண்டனிலும் பள்ளி அமைத்தார். அவை இண்டர்நேசனல் ஹவுசு என்னும் பெயரால் பரவின. பள்ளிகள் பெருக ஆசிரியரும் வேண்டியிருந்தனர். பல்கலைக்கழகப் பயிற்சிகளோ ஓராண்டு நீள்வன. கொள்கையை மிகுதியும் உரைப்பன. ஆகவே 1962-ஆம் ஆண்டு சூன் திங்களில், இரண்டே வாரத்தில் முடியும் பயிற்சி ஒன்றை ஹேகிராப்டு இலண்டனில் தொடங்கினார்.

அப்பயிற்சியின் புதுமை அதன் குறுமை அன்று. பயிற்சி பெறுவோர் மெய்யான மாணாக்கர்முன் நின்று கற்பித்தலே அதன் உயிர்நிலை. பயிற்சியாளர் வகுப்பின் பின்னே அமர்ந்து நோக்குவார். பாடம் முடிந்தபின், ஆசிரியர் எத்துணை நேரம் பேசினார், மாணாக்கர் எத்துணை நேரம் பேசினர், எந்த விளக்கம் விளங்காமற் போயிற்று என ஆராய்வர். 1913-ஆம் ஆண்டுத் தேர்வில் இல்லாதிருந்த மாணாக்கன் இங்கே நடுநாயகமாக அமர்ந்தான்.

இம்முறை பின்னர் அரச கலைக் கழகத்தின் சான்றிதழ்த் திட்டங்களுள் இடம்பெற்று, நான்கு வார அளவிற்கு விரிந்தது. 1988-இல் அக்கழகத்தின் தேர்வுகள் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குழுவின் பொறுப்பிற்கு வந்தன. 1996-இல் அச்சான்றிதழ் செல்டா என்னும் பெயர் பெற்றது. அதன் வரையறை கருதத்தக்கது: குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, அதனுள் இரு வேறு நிலை மாணாக்கர்க்கு 6 மணி நேரம் கற்பித்துக் காட்டுதல், பயின்ற ஆசிரியரின் வகுப்பை 6 மணி நேரம் நோக்குதல், நான்கு எழுத்துப் பணிகள். பயிற்சி நிலையத்தைச் சாராத மதிப்பீட்டாளர் ஒருவரும் வந்து காண்பார். இறுதியில் எழுத்துத் தேர்வு இல்லை. பன்னிரண்டு மணி நேரம் தாளில் எழுதிய இடத்தில், ஆறு மணி நேரம் வகுப்பில் நிற்றல் வந்தமைந்தது. ஆசிரியர் தேர்விலிருந்து மாணாக்கனை மறந்த கேம்பிரிட்ஜே, எண்பது ஆண்டுகளுக்குப்பின் அவனை நடுவணாகக் கொண்ட சான்றிதழை வழங்கலாயிற்று.

இலண்டன் திரினிடிக் கல்லூரி வழங்கும் இணையான சான்றிதழில் மற்றொரு நுட்பம் உண்டு. பயிற்சி பெறுவோர் தாம் சிறிதும் அறியாத மொழி ஒன்றை நான்கு மணி நேரம் கற்றல் வேண்டும். அப்போது தமக்கு நேர்ந்தவற்றைக் குறிப்பாக எழுதுதலும் வேண்டும். ஒலி பிடிபடாமையும், சொல் நாவில் நில்லாமையும், பிறர் விரைந்து விடையிறுக்கத் தாம் வாளா இருத்தலும் எத்தகையன என்பதை அவர் அப்போது உணர்வர். ஆசிரியர்க்கு முதற்கண் மாணாக்க நிலை வேண்டும் என்னும் கருத்தினை இவ்வேற்பாடு நன்கு புலப்படுத்துகின்றது.

பிறந்தாரும் கற்றாரும்

இம்மூன்றாவது விடை சிறந்ததெனினும், அது பிறந்த சூழல் அதன்மேல் ஒரு கறையை ஏற்றியது. ஹேகிராப்டின் பயிற்சிக்கு வந்தோர் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர். ஆங்கிலத்தைக் கற்றறிந்து தம் நாட்டிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கெனக் கடல்கடந்த நாட்டு ஆசிரியர் சான்றிதழ் என வேறொன்று வகுக்கப்பட்டிருந்தது. 1961-இல் உகாண்டாவின் மாக்கரேரேயில் கூடிய பொதுநல நாடுகளின் மாநாட்டில் ஊடுருவி நின்ற கொள்கைகளுள் ஒன்று, ஆங்கிலம் கற்பித்தற்கு ஏற்றவர் அதனைத் தாய்மொழியாகக் கொண்டவரே என்பது. இதனை ஒரு பொய்க்கொள்கை எனச் சுட்டியவர் ராபர்ட்டு பிலிப்சன். மொழி ஆதிக்கம் பற்றிய அவர் நூல் 1992-இல் வெளிவந்தது. ஈராண்டு கழித்து, அங்கேரி நாட்டுப் பீட்டர் மெட்யெஷ் என்பார், ஆங்கிலத்தைக் கற்று ஆசிரியரானோரின் குறைகளையும் நிறைகளையும் ஆராய்ந்து நூல் எழுதினார்.

கற்று ஆசிரியரானவர்க்கு உரிய நிறை யாது? அவர் நடந்த வழியே மாணாக்கன் நடக்கும் வழி. எங்கே பள்ளம், எங்கே முள் என்பதை அவர் அறிவர். தமிழ்ச் சிறுவன் ஆங்கில மூன்றாமிட ஒருமை வினையில் ஈற்றுச் சகரவொலியை ஏன் மறக்கின்றான் என்பதைத் தமிழறிந்த ஆசிரியர் விளக்குதல் எளிது. பிறந்த மொழியாளர்க்கு வழக்கறிவு மிகுதி. கற்ற மொழியாளர்க்கு வழியறிவு மிகுதி. இரண்டும் வேண்டற்பாலனவே. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை விலக்குதல் முறையன்று.

இவ்வாராய்ச்சியில் தமிழர்க்கும் பங்குண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999-இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாணத்து மாணாக்கரும் ஆசிரியரும் ஆங்கிலத்தையும் அதனுடன் வந்த முறைகளையும் தம் நிலைக்கேற்ப ஏற்றும் மறுத்தும் ஆண்ட வகையைக் காட்டினார். பின்னர் இத்துறையின் முதன்மையான இதழ்களுள் ஒன்றாகிய டெசால் காலாண்டிதழின் ஆசிரியராகவும் அவர் விளங்கினார். சென்னைப் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில், இலக்கணத்தை வெளிப்படக் கூறாது செயல்களின் வாயிலாக மொழியைப் பயிற்றும் ஆய்வினை நடத்தினார். எல்லார்க்கும் சிறந்த முறை என ஒன்றில்லை. இது பயன் தரும் என ஆசிரியர் தம் உள்ளத்தே உணரும் உணர்வே வகுப்பை உயிர்ப்பிப்பது என அவர் 1990-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றது.

செல்டா இன்று பிறப்பை வினவுவதில்லை. மொழித்திறன் போதுமா என்பதையே வினவுகின்றது. ஆயினும் கொள்கையளவில் நீங்கிய வேற்றுமை வழக்கில் இன்னும் நீங்கவில்லை. தென்கொரியா ஆங்கில உரையாடல் ஆசிரியர்க்கு வழங்கும் நுழைவுரிமை, பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவனவாக வரையறுக்கப்பட்ட ஏழு நாட்டுக் குடிமக்கட்கே உரியதாயிருக்கின்றது. அங்கே சான்றிதழும் பட்டமும் கடவுச்சீட்டிற்குப் பின்னரே எண்ணப்படும். 1878-ஆம் ஆண்டின் விடை இன்னும் இறந்துபடவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆங்கிலம் கற்பிப்போர் தகுதி பிறப்பினின்று அறிவிற்கும், அறிவினின்று செயலுக்கும் நகர்ந்த வரலாறு விளங்கும். பிறப்பு ஒருவரைப் பேசுபவராக்கும், அறிவு புலவராக்கும், மாணாக்கன்முன் பயின்ற பயிற்சியே ஆசிரியராக்கும். இப்பயிற்சியை யார் பெறலாம் என்பதில் பிறப்பு மீண்டும் தலையிடுமாயின், வரலாறு முன்னேறியதாகாது. 1913-இல் தோற்ற மூவரும் அயல்மொழியாளர். அவர்கள் கற்பிக்க வல்லரா என்பதை எவரும் சோதிக்கவில்லை. அவர்க்கு இழைக்கப்பட்ட குறையும், பயிற்சியின்றி வகுப்பில் நிறுத்தப்பட்ட தாய்மொழியாளரிடம் பயின்ற மாணாக்கர்க்கு இழைக்கப்பட்ட குறையும் ஒரே வேரினின்று கிளைத்தவை.

தமிழாசிரியராகிய நாமும் இவ்வரலாற்றினின்று கொள்ளற்பாலது ஒன்றுண்டு. அயல்மொழியாகத் தமிழ் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் அயல்நாட்டுத் துறவியர்க்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் இயற்றினார். 1812-இல் தோன்றிய சென்னைக் கோட்டைக் கல்லூரி, கும்பினி இளநிலை அலுவலர்க்குத் தமிழ் கற்பித்தது. இன்று கடல்கடந்த நாடுகளில் தமிழரின் பேரக்குழந்தைகளே தமிழை அயல்மொழியாகக் கற்கும் நிலை பெருகி வருகின்றது. அவர்க்குக் கற்பிக்க முன்வருவோரை, தமிழராய்ப் பிறந்தீரா என்றோ, எத்துணை நூல் கற்றீர் என்றோ வினவுதலோடு அமைதல் ஆகாது. இச்சிறுவர்முன் நின்று ஒரு பாடம் நடத்திக் காட்டுக. நாங்கள் பின்னே அமர்ந்து காண்கின்றோம் என்று கூறுதல் வேண்டும். நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டைப் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு விளங்கவைத்தவரே அப்பணிக்குத் தகுதியுடையவர்.